திருப்புளியைக் கடித்தவர்

என் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் எல்லோரும் திருதிருவென்று விழிப்பார்கள். எலெக்ட்ரிஷியன் என்று கேட்டால், "பாம்பு உள்ளதான் இருக்கு, போங்க" என்று கை காட்டுவார்கள். அதைக் கேட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போன வாடிக்கையாளர்களும் உண்டு.

அவர் கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். பக்கத்துக் கடை டயர்காரர் ஒரு நாள், தெருமுனையில் திரும்பும்போதே ஒரு காரின் கோளாறை இவர் சொல்லிவிட்டதைப் பார்த்து, "உனக்குப் பாம்புக் காதுய்யா" என்றார். நாளடைவில் காது உதிர்ந்துபோய்ப் பாம்பு மட்டும் நின்றுவிட்டது. நான் கடை முன்மேசையில் உட்கார்ந்து போனும் உதிரி பாகமும் பார்த்துக்கொள்கிறவள். எனக்கு என்ன பட்டப்பேர் வைத்திருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

இவருக்கு ஒரு பழக்கம். வண்டியில் ஏதாவது சத்தம் என்று வந்தால், சொந்தக்காரர் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டாமல் பானெட்டைத் திறக்க மாட்டார். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி, செய்துதான் ஆக வேண்டும். ஒரு போலீஸ் அதிகாரி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு "கீஈஈ" என்று கத்தியதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு பேராசிரியர் சத்தத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். தாளைத் திருப்பிக் கொடுத்து, "வாயால சொல்லுங்க சார்" என்றார் இவர். ஒரு புதுத் தம்பதியில் அவன் "ம்ம்ம்" என்றான், அவள் "ஸ்ஸ்ஸ்" என்றாள். கடை வாசலிலேயே பெரிய சண்டை. கடைசியில் அந்த வண்டியில் இரண்டுமே இருந்தன.

ஓடுகிற வண்டி சத்தம் போடுவதில் இவருக்கு அக்கறை இல்லை. அது ஓடுகிறது, போடத்தான் செய்யும். சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, ஆள் நகர்ந்த பிறகும் தனியாக முனகிக்கொண்டிருக்கிற வண்டி என்றால் மட்டும் மனிதருக்குப் பசி தூக்கம் இருக்காது. எதிர் லேத் பட்டறையை நிறுத்தச் சொல்வார். டயர்காரரின் ரேடியோவை அணைக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு வண்டியைச் சுற்றி நடப்பார். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எதைப் பிடுங்கும்போது ரீங்காரம் நிற்கிறதோ அந்த வழியில் போய்க் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். ஒரு விற்பனைப் பிரதிநிதியின் காரில் எல்லா ஃபியூஸையும் பிடுங்கிய பிறகும் ரீங்காரம் நிற்கவில்லை. வேறு பட்டறையில் பெட்ரோல் பம்பையே மாற்றியிருந்தார்கள். இவர் டிக்கியைத் திறந்து, அந்த ஆளின் பையைத் திறந்து, தானாக ஓடிக்கொண்டிருந்த முகச்சவர மெஷினை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இப்படியாகப் புகழோடு இருந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்புளியைக் கடிக்க ஆரம்பித்தார்.

நீளமான திருப்புளி. அதன் நுனியை மோட்டார் மேலேயோ, ரிலே என்கிற சின்ன சுவிட்ச் பெட்டி மேலேயோ வைத்து, பிடியைப் பல்லால் கவ்விக்கொண்டு, குனிந்தபடியே ஒரு நிமிஷம் அசையாமல் இருப்பார். பிறகு நிமிர்ந்து, "இது இல்ல" என்பார், அல்லது "இதுதான்" என்பார். ஒருமுறைகூடத் தப்பவில்லை. தெருவே வாயைப் பிளந்தது. இது ஏதோ புதுத் தொழில்நுட்பம், எங்கேயோ போய்க் கற்றுக்கொண்டு வந்து ரகசியமாக வைத்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. ஒரு வாரத்தில் லேத்காரரும் கடித்தார். பெயின்ட்காரருக்குக் கேட்க எந்த வேலையும் இல்லை, அவரும் எதையோ கடித்துக்கொண்டு நின்றார். டயர்காரர் டயர் கழற்றுகிற இரும்புக் கம்பியைக் கடித்து முன்பல் ஒன்றைப் பாதி உடைத்துக்கொண்டார். அடுத்த தெருப் பல் டாக்டர் எங்களுக்கு ஒரு நன்றிக் கடிதமாவது அனுப்பியிருக்க வேண்டும்.

நானும் பெருமைப்பட்டேன் என்பதை மறைப்பானேன். வாடிக்கையாளர்கள் போனில் படம் எடுக்க வந்தால், "தள்ளி நில்லுங்க, அவருக்கு டிஸ்டர்ப் ஆகும்" என்று நானே ஒழுங்குபடுத்தினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

வீட்டில் கூப்பிட்டால் மனிதர் வருவதில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு எந்தப் புருஷன் கூப்பிட்டவுடன் வருகிறான்? எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்றார். சாப்பிடுகிறீர்களா என்றால் ஆமாம், சாப்பிட்டாச்சா என்றால் ஆமாம். டிவி சத்தம் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்குப் போனது. வேண்டுமென்றேதான் என்னைக் கடுப்பேற்றுகிறார் என்று நினைத்து, நானும் குறைவில்லாமல் திட்டினேன். கேட்காத காதில் இரண்டு வருஷம் திட்டியிருக்கிறேன். தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

எங்களுக்கு ஒரே மகள். வேறு ஊரில் வேலை, அங்கேயே அவள் விரும்பிக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. அந்தக் கல்யாணத்தில் இவருக்கு இஷ்டமில்லை. "அந்தப் பையன் சிரிக்கிறப்ப கண்ணு சிரிக்கல" என்று ஒரு காரணம் சொன்னார். வண்டியைப் பார்க்கிற மாதிரி மனுஷனைப் பார்க்காதீங்க என்று நான்தான் அடக்கினேன். மகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வாள். முதலில் அப்பாவிடம் பேசுவாள், பிறகு என்னிடம். இந்த இரண்டு வருஷமாக அப்பா பேசுகிற நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. "நல்லா இருக்கேம்மா, நீ நல்லா இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அழைத்தாள். இவர் எடுத்தார். கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "ரொம்ப சந்தோஷம்மா. ரெண்டு பேரும் நல்லபடியா இருங்க" என்றார். என் கைக்குப் போன் வந்தபோது அவள் வைத்துவிட்டிருந்தாள்.

மகள் அவரிடம் சொன்னது, தானும் மாப்பிள்ளையும் பிரிந்துவிட்டோம் என்பது. மறுநாள் என்னைக் கூப்பிட்டு அதைச் சொன்னாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அப்பா சொன்னது நடந்துடுச்சுன்னு அப்பாவுக்கு சந்தோஷமாம். இருக்கட்டும்மா. இனிமே என்கிட்ட அவரைப் பத்திப் பேசாத" என்றாள்.

நான் நேராகப் பட்டறைக்குப் போய் அவர் முகத்துக்கு எதிரே நின்று, மகள் என்ன சொன்னாள், இவர் என்ன பதில் சொன்னார் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் காட்டினேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த வயரைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "வாய் தவறிடுச்சு" என்றார். சந்தோஷம் என்று யாருக்காவது வாய் தவறுமா? ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் அவர் நிம்மதியாக இருப்பதாகத் தெரிந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவர் மகளுக்குப் போன் செய்யவில்லை. போனில் எழுதி அனுப்பவும் தெரியாது. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், அத்தோடு அவர் படிப்பு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மேசையில் இருக்கிற என் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அழைப்பு வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். கல்நெஞ்சக்காரர் என்று முடிவு கட்டிவிட்டேன். இந்த மனிதரோடு இனிமேல் கடைக்கணக்குக்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தேன்.

இந்த நிலையில்தான் போன மாதம் அந்தக் கார் வந்தது.

பழைய கார், ஆனால் சுத்தமாக வைத்திருந்தார் அந்த அம்மா. நாற்பது வயது இருக்கும். பின்சீட்டில் வெள்ளைக் கோட்டு கிடந்ததால் ஏதோ டாக்டர் என்று தெரிந்தது. வண்டியை நிறுத்திய பிறகு எங்கிருந்தோ ரீங்காரம் வருகிறதாம். சில நாள் உடனே, சில நாள் பத்து நிமிஷம் கழித்து. காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறதாம். முதல் பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். இரண்டாவது பட்டறையில் அடியில் தேனீ கூடு கட்டியிருக்கிறது என்று சொல்லிப் புகை போட்டார்கள். ஒரு வாரம் வண்டிக்குள் உட்கார முடியவில்லை என்றார்.

வழக்கப்படி இவர் சத்தத்தைச் செய்து காட்டச் சொன்னார். அந்த அம்மா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. மூக்கில் "ங்ங்ங்" என்று ஆரம்பித்து, தொண்டைக்குக் கொண்டுவந்து "ர்ர்ர்" என்று முடித்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாகச் செய்தவர் யாருமில்லை. நான் கை தட்டாத குறை.

வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். லேத் நின்றது, ரேடியோ நின்றது. சிறிது நேரத்தில் ரீங்காரம் கிளம்பியது. எனக்குக் கேட்டது, டாக்டருக்குக் கேட்டது, தெருவுக்கே கேட்டது. இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்ததும் திருப்புளியை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் புகுந்தார். முன்னால் நாலு இடத்தில் வைத்துக் கடித்தார். பின்சக்கரத்துக்கு மேலே தகட்டில் வைத்துக் கடித்ததும் அப்படியே நின்றுவிட்டார். டிக்கியின் உள்பக்க அட்டையைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்ன மோட்டார். ரேடியோவை அணைத்தால் ஏரியல் கம்பியை உள்ளே இழுத்துக்கொள்வதற்கான மோட்டார் அது. கம்பி என்றைக்கோ முறிந்து, யாரோ அந்த ஓட்டையில் ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்தார்கள். மோட்டாருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இல்லாத கம்பியை விடிய விடிய உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

தெரு சந்தோஷமாகக் கலைந்தது. டாக்டர் மட்டும் வண்டியைப் பார்க்கவில்லை, இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் குனிந்து வயரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் நின்று, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பதில் இல்லை. நான் சொன்னேன், அரைமணி நேரம் ஆகும் என்று.

"எப்பலேருந்து இப்படிக் கடிச்சுப் பாக்கறாரு?" என்று என்னிடம் கேட்டார்.

"அது அவரோட ஸ்பெஷல், டாக்டர்" என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

டாக்டர் தன் பையிலிருந்து தட்டினால் ரீங்கரிக்கிற, இரண்டு கிளை உள்ள ஒரு இரும்புக் கவையை எடுத்தார். காது, மூக்கு, தொண்டை டாக்டராம். எனக்கு அப்போதுதான் தெரியும். இவரைத் திரும்பச் சொல்லி, கவையை முழங்காலில் தட்டி, காதுக்குப் பக்கத்தில் பிடித்து, கேட்கிறதா என்று கேட்டார். இவர் டாக்டரின் உதட்டைப் பார்த்துவிட்டு, "ஆமாம், நல்லாக் கேக்குது" என்றார். டாக்டர் மறுபடி தட்டி, இந்த முறை கவையின் காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்தி வைத்தார்.

இவர் கண் பெரிதாக விரிந்தது. "இப்ப கேக்குது டாக்டர்" என்றார் தன்னை மறந்து.

"அப்ப முன்னாடி கேட்டதுன்னு சொன்னீங்களே?"

இவர் கையைத் துணியில் துடைத்தார். பிறகு, வண்டி நாளைக்குத்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

டாக்டர் எனக்கு விளக்கினார். காற்று வழியாக வருகிற சத்தம் உள்ளே போகவில்லை, எலும்பு வழியாகப் போகிறது, அதனால்தான் மனிதர் கடிக்கிறார் என்றார். பட்டப்பேரைக் கேட்டதும் சிரித்துவிட்டார். பாம்புக்கு வெளியே காதே கிடையாது, தாடை எலும்பு வழியாகத்தான் அதிர்வு தெரியும் என்றார். டயர்காரருக்கு இந்த விவரமெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

உதிரி பாக அலமாரிகளுக்கு நடுவில் அவர் ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். தோளைப் பிடித்துத் திருப்பினேன். "அன்னிக்குப் பாப்பா சொன்னது உங்களுக்குக் கேக்கல. அப்படித்தானே?" என்றேன்.

"ஆமாம்" என்றார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிற மனிதர். நான் விடவில்லை. நிறுத்தி நிறுத்தி, "அவ சொன்னது கேட்டுச்சா?" என்று மாற்றிக் கேட்டேன்.

"இல்ல" என்றார். "புது வீடு பாக்கறாங்கன்னு அதுக்கு முந்தின வாரம் நீ சொல்லியிருந்தியே. வீடு கெடச்சிருக்கும்னு நெனச்சேன்."

"அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? எட்டு மாசம் ஆச்சே."

அவர் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "காது கேக்கலன்னா தெருவே சிரிக்கும். எவனும் வண்டி கொண்டுவர மாட்டான். கல்நெஞ்சக்காரன்னா நீங்க ரெண்டு பேர்தானே திட்டுவீங்க."

கையில் அகப்பட்டதை எடுத்து எறிந்திருப்பேன். அகப்பட்டது ஹாரன், புதுசு. கீழே வைத்துவிட்டு அழுதேன். அவர் மேல் எவ்வளவு கோபமோ அதற்கு மேல் என் மேல் இருந்தது. வருகிறவர்களையெல்லாம் சத்தம் செய்து காட்டச் சொல்கிற கடையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் படுக்கிற மனிதருக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் டாக்டரின் கிளினிக்குக்குப் போனோம். பட்டறையில் கேட்டவர்களிடம் பல்வலி என்று சொன்னார். டயர்காரர் உடைந்த பல்லைக் காட்டிச் சிரித்து, தன் பல் டாக்டரின் முகவரியைக் கொடுத்தனுப்பினார்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். காதில் மாட்டிய கருவியில் சத்தம் அனுப்பியபோது விரல் எப்போதாவது ஒருமுறை எழுந்தது. பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு வில்லையை வைத்து அனுப்பினார்கள். விடை தெரிந்த பிள்ளை வகுப்பில் கை தூக்குகிற மாதிரி, விரல் இறங்கவே இல்லை. நரம்பு நன்றாக இருக்கிறது, உள்ளே அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒன்று அசையாமல் இறுகிவிட்டது என்றார் டாக்டர். "வயர் நல்லா இருக்கு, ரிலே பிடிச்சுக்கிச்சு" என்று இவர் எனக்கு மொழிபெயர்த்தார். ஆபரேஷன் செய்யலாம், முதலில் ஒரு காது, நூறில் ஒருவருக்கு அது மோசமாகவும் போகும் என்றார் டாக்டர். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் இவர். யோசிக்கிறவரைக்கும் ஒரு பட்டை மாட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காதுக்குள் போகாமல் கன்னத்து எலும்பில் உட்காருகிற பட்டை. காலையில் ஓடப் போகிறவர்கள் பாட்டுக் கேட்க மாட்டிக்கொள்வார்களே, அதுதான்.

தெருவில் இதை மாட்டிக்கொண்டு நடப்பாரா, செலவு எவ்வளவு என்று கேட்பாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார். "இதை மாட்டினா போன்ல பேசறது கேக்குமா டாக்டர்?"

கேட்கும் என்றார் டாக்டர். உதவியாளரம்மா அதை என் போனோடு இணைத்துக் கொடுத்தார். கிளினிக் வாசலில், படிக்கட்டில் ஆள் போக வழிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார் இவர். நான் மகளைக் கூப்பிட்டேன். அப்பா பேசணுமாம் என்று சொல்லிவிட்டு, அவள் மறுத்துவிடும் முன்பே போனை அவர் மடியில் வைத்துவிட்டேன். அதற்கு மேல் அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை, பட்டைக்குள் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

தொண்டையைக் கனைத்தார். அந்தப் பக்கம் அவள் என்னவோ ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"வெச்சிடாதம்மா. எனக்குக் காது கேக்கறதில்ல" என்றார். தெருவுக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு வருஷம் காப்பாற்றியதை, படியில் ஏறி இறங்குகிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "ரெண்டு வருஷமா கேக்கல. அன்னிக்கு நீ சொன்னது எதுவும் கேக்கல. புது வீடுன்னு நெனச்சு சந்தோஷம்னேன். அம்மா சொன்னப்புறமும் உண்மையச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. தப்புதாம்மா."

மனிதர் இரண்டு கையாலும் பட்டையை எலும்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கேக்குது. அன்னிக்கு என்கிட்ட சொன்னதை இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். எவ்வளவு நேரம் சொன்னாள் என்று தெரியவில்லை. படியில் வெயில் ஏறிவிட்டது. இவர் இடையில் ஒருமுறைகூட ஆமாம் போடவில்லை. நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று தலை நிமிர்ந்தது, கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. என்ன ஆச்சு என்று நான் கையைப் பிடித்துக் கேட்டதைக் கவனிக்கவே இல்லை.

"அழறது கேக்குதும்மா" என்றார் போனைப் பார்த்து. "நல்லா அழு. நான் போனை வெக்க மாட்டேன்."